எண்ணூர் முகத்துவாரமும் எங்கள் அக்காவும்

அக்கா மறைந்து ஓராண்டு ஆனதையொட்டி நடக்கும் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அப்பாவும் அம்மாவும் முன்பே போய்விட்டார்கள். அக்காவுக்குத் திருமணம் ஆகவில்லை. எழுத வேண்டியவன் நான் ஒருவன்தான். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பம்பாய், விசாகப்பட்டினம், கொச்சி என்று துறைமுகம் துறைமுகமாகச் சுற்றியவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா இறந்த அன்று நான் அழவில்லை. இந்த ஓராண்டிலும் அழுகை வரவில்லை. பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போட்டால் கன்னம் மரத்துக் கிடக்குமே, அப்படி இருக்கிறது. தொட்டால் தொடுவது தெரிகிறது, அவ்வளவுதான். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது இராயபுரத்தில், மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கும் வரிசை வீடு ஒன்றில். அப்பா துறைமுகத்தில் கிரேன் வேலை. அம்மா எண்ணூர்ப் பக்கம் மீனவர் குப்பத்துப் பெண். திருமணத்துக்காக ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டவர். அவருடைய அண்ணன், எங்கள் மாமா, அந்தக் குப்பத்துப் பெரியவர்களில் ஒருவர். சரக்கு விழுந்து அப்பாவின் கால் நசுங்கிய பிறகு, அம்மா விடியற்காலை பாசஞ்சர் வண்டியில் எண்ணூரிலிருந்து மீன் கொண்டுவந்து இராயபுரத்தில் விற்றார். பள்ளிக்குக் கிளம்புகிறவரை அக்கா மீன் அரிந்து கொடுப்பார். ஒவ்வொரு மீனின் வயிற்றையும் பிதுக்கி, அது என்ன தின்றிருக்கிறது என்று பார்ப்பார்.

“ஏண்டி, மீன அறுக்கச் சொன்னா ஆப்ரேசன் பண்ணிகினு கீறியே. வாங்க வந்தவங்க கொயம்பு வெக்க வேணாமா?” என்பார் அம்மா.

அந்தப் பழக்கமே படிப்பாகிவிட்டது என்று நினைக்கிறேன். அக்கா உதவித்தொகையில் விலங்கியல் படித்தார். அவர் கல்லூரியில் இருந்தபோதே அம்மா இறந்தார். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அக்கா தேர்வு எழுதப் போனதைக் குறை சொன்னவர்கள் உண்டு. அப்பாவுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு ஒரு கல்லூரியில் வேலை கிடைத்தது. வேலை பார்த்துக்கொண்டே டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தார்.

ஆராய்ச்சி எதைப் பற்றி என்பது இங்கே பலருக்குத் தெரியாது. எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எண்ணூரில் கடல்நீர் உள்ளே வந்து தேங்கும் பரப்பைக் குப்பத்தில் கழி என்பார்கள். கடலில் பொரிக்கும் இறால் குஞ்சு, முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து, அங்கே வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகும். மழை குறைந்தால் கடல் மணலைத் தள்ளி முகத்துவாரத்தை அடைத்துவிடும். அப்போது குப்பத்து ஆட்கள் எல்லாரும் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டித் திறப்பார்கள். பௌர்ணமி அல்லது அமாவாசையில்தான் வெட்டுவார்கள். அன்றைக்குத்தான் கடல் பெருகி உள்ளே வரும், வற்றும்போது மிச்ச மணலை இழுத்துக்கொண்டு போகும். முதல் மண்வெட்டிக்கு முன் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டுவார்கள்.

முகத்துவாரம் அடைபட்டால் உள்ளே இருக்கும் உயிர்கள் என்ன ஆகின்றன என்பதே அக்காவின் கேள்வி. ஆனால் ஒவ்வொரு வருஷமும் அடைபட்ட உடனே வெட்டிவிடுவார்கள். அக்காவுக்குப் பாதி விடைதான் கிடைக்கும்.

நான் எங்கே சுற்றினாலும் அக்கா என்னைத் திரும்பி வரச் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை கூப்பிட்டார். “தோணி தள்ள ஆள் வேணும், வர்றியா?” என்று எழுதியிருந்தார். வந்தேன். எண்ணூரில் அனல் மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கோடை விடுமுறை முழுவதும் மாமா வீட்டில் தங்கினோம். நான் கோல் ஊன்றித் தோணியைத் தள்ளுவேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கழியின் பல இடங்களில் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பார், சிறு வலையால் அரிப்பார், கயிற்றில் தர்மாமீட்டர் கட்டி இறக்குவார்.

குப்பத்துப் பெண்கள் கரையிலிருந்து கேலி செய்வார்கள். “இன்னா டாக்டரம்மா, தண்ணிக்கு ஜொரமா?”

“லேசாக் கீது. கஞ்சி குடுத்தா சரியாப்பூடும்,” என்பார் அக்கா. கல்லூரியில் வேறு தமிழ் பேசுகிறவர், குப்பத்துக்கு வந்தால் அம்மாவின் தமிழுக்கு மாறிவிடுவார்.

அந்த வருஷம் முகத்துவாரம் சீக்கிரமே அடைபட்டது. பௌர்ணமி நெருங்கியது. மாமா வீட்டு வாசலில் ஆட்கள் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா மாமா எதிரில் போய் உட்கார்ந்தார்.

“மாமா, இந்தத் தபா பௌர்ணமிக்கு வெட்டாதீங்க. அமாவாசைக்கு வெட்டுங்க. அதுவரைக்கும் மூடியே கெடந்தா என் வேல முடிஞ்சுரும்.”

மாமா பீடியைக் கீழே வைத்தார். அவர் பேசுமுன் அத்தை உள்ளேயிருந்து பேசினார். “தண்ணி பச்சையாவுது. அடியில சேறு நாறுது. இன்னும் எத்தினி நாள் தாங்கும்? கைல தடவி றால் புடிக்கிற பொம்பளைங்க இருவது பேரு கீறாங்க, அத நெனச்சுப் பாத்தியா?”

“நீ சும்மா கெட. நம்ம வூட்டுப் பொண்ணு, மொத மொத இத்தினி படிச்சிக் கீது. வாய வுட்டு ஒண்ணு கேக்குது. ஒரு அமாவாசதான?” என்று மாமா சொல்லி, ஆட்களைப் பார்த்தார். பிடி போட்ட மண்வெட்டிகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார்கள்.

பௌர்ணமி வந்து போனது. வெயில் ஏறியது. கழி அசையாமல் கிடந்தது. அக்கா முன்னைவிட அதிகமாகத் தோணியில் இருந்தார். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. சந்தோஷமாக இருந்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

பௌர்ணமி கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு நாள் விடிந்தபோது நண்டுகள் தண்ணீரைவிட்டுக் கரையேறியிருந்தன. வலை கட்டும் கொம்புகளிலும், தோணியின் விளிம்பிலும், சேற்றிலும் நண்டு. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே கூடையில் அள்ளினார்கள். “டாக்டரம்மா, நண்டெல்லாம் உன்னப் பாக்க கியூல நிக்குது,” என்றார் ஒருவர்.

அக்கா சிரிக்கவில்லை. தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்தார். பிறகு மாமாவிடம் ஓடினார். “மாமா, இப்பவே வெட்டணும். தண்ணிக்குள்ள மூச்சுத் தீந்துபோச்சு. அதான் நண்டு வெளிய வருது. அடுத்தது மீனுதான்.”

“இன்னிக்கி வெட்டினா கடல் வராதும்மா. பெருக்கு இல்ல.”

“வெட்டிப் பாக்கலாம் மாமா.”

மாமா ஆட்களைக் கூப்பிட்டார். தேங்காய் உடைக்க நேரமில்லை. பகல் முழுவதும் வெட்டினோம். அக்காவும் ஒரு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வெட்டினார். வெட்ட வெட்ட மணல் சரிந்தது. கடல் கொஞ்ச தூரம் வந்து நின்று, திரும்பிப் போனது. மாமா சொன்னதுதான் சரி. சாயங்காலம் ஆட்கள் மணலிலேயே படுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை கழி வெள்ளையாக இருந்தது. மடவை, கிழங்கான், இறால், எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. அந்த நாற்றத்தை எழுதத் தேவையில்லை. அக்கா பாட்டில் பெட்டியை எடுத்துக்கொண்டு தோணியில் ஏறினார். என்னைப் பார்த்தார். நான் கோலை எடுத்தேன்.

கரையில் நின்ற அத்தை கேட்டார். “இன்னும் இன்னாத்தடி பாக்கப் போற?”

“பாக்கணும் அத்தை,” என்றார் அக்கா. செத்த மீன்களைக் கையால் விலக்கி விலக்கி, வழக்கமான இடங்களிலெல்லாம் தண்ணீர் பிடித்தார். தர்மாமீட்டரை இறக்கினார். வேலை முடிந்ததும் தோணியிலேயே மடங்கி உட்கார்ந்துகொண்டார்.

குப்பத்தில் யாரும் அக்காவை ஏசவில்லை. “ஒத்துகினது நானு. எவனாவது எதுனா சொன்னா என்கிட்ட வரச் சொல்லு,” என்றார் மாமா. அமாவாசைக்கு வெட்டித் திறந்தார்கள். ஆனால் அந்தக் கோடைக்கு உள்ளே பிடிக்க ஒன்றுமில்லை. ஆண்கள் மின் நிலையத்துக் கட்டட வேலைக்குக் கல் சுமக்கப் போனார்கள். பெண்கள் திருவொற்றியூரில் பாத்திரம் தேய்க்கப் போனார்கள். அத்தையும் போனார். அவர் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

விடுமுறை முடிந்து, பாட்டில் பெட்டியைச் சுமந்துகொண்டு நானும் அக்காவோடு, அவருக்கு வழிகாட்டிய பேராசிரியரின் அறைக்குப் போனேன். அக்கா எழுதிக்கொண்டுபோனதை அவர் படித்துவிட்டு மிகவும் மகிழ்ந்தார். இப்படி ஒரு தகவல் யாரிடமும் இல்லை என்றார். ஒரு வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.

“முகத்துவாரம் மூடியிருந்ததுன்னு எழுதினாப் போதும்மா. நீங்க கேட்டதெல்லாம் எதுக்கு?”

“அது தானா மூடிக் கெடக்கல சார். நான் கேட்டேன், அதனால மூடி வெச்சாங்க.”

“நாம வேடிக்கை பார்க்கறவங்க. நாமே உள்ளே புகுந்துட்டா, இது ஆராய்ச்சியே இல்லைன்னு சொல்லிடுவாங்க.”

“சொல்லட்டும் சார்.”

அவர் கெட்டவர் அல்ல. அக்காவின் நன்மைக்குத்தான் சொன்னார். அக்கா வரியை எடுக்கவில்லை. அவர் பயந்தபடியே பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது. வேறு கோடைகளில், வேறு இடங்களில் மறுபடி வேலை செய்யச் சொன்னார்கள். அக்காவோடு ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் எல்லாரும் பட்டம் வாங்கி நல்ல பதவிகளுக்குப் போன பிறகுதான் அக்காவுக்குப் பட்டம் வந்தது. விருந்து எதுவும் வைக்கவில்லை. உறவினர்கள் சிலர் அதை வருத்தத்தோடு கேட்டீர்கள். காரணம் இதுதான்.

அந்த வரி அக்காவின் ஆராய்ச்சிப் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எது என்று கேட்டேன், அக்கா விரல் வைத்துக் காட்டினார்.

அடுத்த வருஷம் முகத்துவாரம் அடைபட்டபோது, அக்கா மண்ணடிக் கடைத்தெருவில் ஒரு மண்வெட்டி வாங்கி, சாக்கில் சுற்றி, பாசஞ்சர் வண்டியில் எண்ணூர் போனார். ஆண்களோடு நின்று வெட்டினார். மதியம் அத்தை வந்து, எதுவும் பேசாமல் அவர் முன்னால் கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டுப் போனார். அதற்கு மறு வருஷம், “வெயில்ல நிக்காத, முக்காடு போட்டுக்க,” என்றார். அதிலிருந்து பேச்சு வந்தது. வெட்டுகிற நாளைக்கு அக்கா கல்லூரிக்கு விடுப்புப் போடாத வருஷம் இல்லை. அப்பாவின் கடைசிக் காலத்தில்கூட, அவரைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போய்வந்தார்.

சென்ற ஆண்டு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தோம். கால் வீங்கியது, முகம் வீங்கியது. நான் விசாகப்பட்டினத்திலிருந்து வந்து கூட இருந்தேன். கடைசி வாரத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். அக்கா அதிகம் பேசவில்லை. முகத்துவாரம் அடைபட்டுவிட்டதா என்று கேட்டார். அடைபட்டுவிட்டது, பௌர்ணமிக்கு வெட்டப் போகிறார்கள் என்றேன். “நான் வரலைன்னு சொல்லிடு,” என்றார்.

பௌர்ணமி அன்று விடியும்போது உயிர் போனது. எண்ணூருக்கு முதல் வண்டியில் ஆள் அனுப்பினேன். பங்குத்தந்தை வந்தார், பெட்டி வந்தது. யாரோ டீ கொடுத்தார்கள், குடித்தேன். நான்கு மணிக்கு எடுப்பதாக இருந்தது. மாமா வீட்டு ஆட்கள் ஒருவரும் வரவில்லை. “தாய்மாமன் ஒரு மாலை போட வேணாமா, இன்னா மனுசங்க,” என்று வாசலில் பேசினார்கள். அரை மணி நேரம் காத்திருந்தோம். பிறகு பெட்டியை மூடினோம். அந்தப் பழைய கோடையை அவர்கள் மறக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்போதும் கோபம் வரவில்லை.

கல்லறையில் பெட்டியைக் குழியில் இறக்கிக்கொண்டிருந்தபோது அவர்கள் ஓடி வந்தார்கள். மாமா, அத்தை, குப்பத்து ஆட்கள் முப்பது பேருக்கு மேல். முழங்கால் வரை ஈரமணல். யாரும் சட்டை மாற்றியிருக்கவில்லை.

“எங்க மாமா போய்ட்டீங்க?” என்று கேட்டேன்.

மாமாவுக்கு மூச்சு வாங்கியது. “வெட்டிட்டு வந்தோம்டா. சேதி வந்தப்போ மண்வெட்டி கையிலதான் இருந்துச்சு. கீழப் போட்டுட்டுக் கெளம்பலாம்னுதான் எல்லாரும் சொன்னானுங்கோ. உங்கத்ததான் வுடல.”

அத்தை குழியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இவளுக்கோசரம் ஒரு தபா வெட்டாம நின்னோம். மறுக்கா நின்னா, எயுந்து வந்து திட்டுவா.”

“தண்ணி வந்துச்சா?”

“வந்துச்சு. இடுப்பு மட்டும் வந்துச்சு,” என்றார் மாமா.

எங்கள் வழக்கப்படி ஒவ்வொருவராகக் குழியில் ஒரு பிடி மண் போட்டோம். குப்பத்து ஆட்கள் குனிந்து அள்ளவில்லை. அவர்கள் கையில் ஏற்கெனவே முகத்துவாரத்து மண் இருந்தது.

அக்காவை நோயில் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், மாறி மாறிக் கஞ்சி கொண்டுவந்த வரிசை வீட்டு அயலாருக்கும், இறுதிச் சடங்கை நடத்திய பங்குத்தந்தைக்கும், கடைசிவரை வந்து பார்த்த பேராசிரியருக்கும், கல்லூரித் தோழிகளுக்கும், மாணவிகளுக்கும், பெட்டியைச் சுமந்தவர்களுக்கும் நன்றி. அன்று நேரத்துக்கு வந்தவர்களுக்கும், நேரம் கழித்து வந்தவர்களுக்கும் எங்கள் வீட்டின் சார்பில் நன்றி.

— தம்பி