சொல்லிக்கொள்ளாமல் வந்தேன்

அருங்காட்சியகத்தில் அன்று மாலை சிறப்பு நிகழ்ச்சி. பாதிப் புதுக்கோட்டை அங்கேதான் இருந்தது. முதுமக்கள் தாழிகள் இருந்த கூடத்தில் மட்டும் சத்தமே இல்லை. காரணம், அங்கே நின்ற காவலர். ஒல்லியான மனிதர், காக்கிச் சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, காலில் மட்டும் செருப்பில்லை. செல்ஃபி எடுக்க வந்தவர்களை அவர் அதட்டவில்லை. தாழியைக் காட்டி, "உள்ள ஆளு இருந்தாங்க" என்று மெதுவாகச் சொன்னார். போன்கள் தாமாக இறங்கின.

என் இடுப்பளவு உயரத் தாழி. யாரோ யாரையோ சின்னக் கிண்ணங்களோடு அதற்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

கிளம்பும்போது அவரிடம், "போயிட்டு வாரேங்க" என்றேன்.

பதறிக் கையமர்த்தினார். "துட்டி வீட்டுல சொல்லிக்கிட்டா கிளம்புவோம்?"

"செத்து ஆயிரக்கணக்கான வருஷம் ஆச்சுங்களே?"

"ஆகட்டுங்க. மண்ணுக்குள்ள இருந்தவங்கள நாமதானே திரும்ப வெளிய கொண்டாந்து வச்சிருக்கோம். இன்னும் எடுத்து அடக்கம் பண்ணலையே."

சொல்லிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். வீட்டு வாசலிலேயே நின்று, குளிக்க ஒரு வாளி தண்ணீர் கேட்டேன்.

"ஐயோ, யாருங்க தவறிட்டாங்க?" என்றாள் மனைவி.

எனக்குப் பெயர் தெரியவில்லை.