பித்தளையில் மூன்று புள்ளிகள்

எனக்கு வயது அறுபத்தைந்து; ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். பேத்தியோடு போன கண்காட்சியில் ஒரு பழைய பட்டாளத்துத் துப்பாக்கி இருந்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை என எழுதியிருந்தார்கள். அதன் மரக்கட்டை நுனியிலிருந்த பித்தளையில் மூன்று புள்ளிகள். எழுதத் தெரியாத அம்மா எங்கள் பாத்திரங்களில் ஆணியால் அடித்த அடையாளம் அது.

எழுபதுகளில் சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் பக்கம் ஒரு கம்பெனியில் அப்பா காவல்காரர். கம்பெனி கொடுத்த துப்பாக்கி அவர் கைக்கு நீளம். கட்டையை அறுத்து, எங்கள் உடைந்த பித்தளைத் தட்டை வெட்டி நுனியில் பொருத்தினார். தேங்காயெண்ணெய் பூசித் துடைத்த வாசம் வீடெல்லாம் இருந்தது.

"மாரிமுத்து, இது கம்பெனி துப்பாக்கி லா! உங்க வீட்டுச் சட்டியா?" என்று சூப்பர்வைசர் அன்றே வேலையை விட்டு நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

திரும்பக் கூப்பிடுவார்கள் என்று அப்பா காக்கிச் சட்டையைத் துவைத்துத் துவைத்துக் காயப்போட்டார். அவர் கண்மூடும்வரை யாரும் கூப்பிடவில்லை. இப்போது அந்தத் துப்பாக்கியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள்.

கண்காட்சிக்காரர்களுக்குத்தான் இதை எழுதினேன்; அனுப்பும் முன் பேத்தியிடம் கொடுக்கிறேன். கண்ணு, ஒருமுறை படிச்சுக் காட்டு. உன் கொள்ளுத்தாத்தா பேரு வர்ற இடத்தைச் சத்தமாப் படி.