மக்காத குழி

பழனி அடிவாரத்தில் சந்தன வாசனையில் வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டில் பூஜைச் சாமான் கடை. அறுபதுகளின் தொடக்கத்தில் மலைமேல் இருக்கும் கூக்கால் கிராமத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது என்னை முதலில் ஓங்கரிக்க வைத்தது அந்த வீட்டு எருக்குழிதான்.

சோலைக்காட்டுக்குள் உதிர்ந்து கிடக்கும் இலையைக் கூட்டி மூட்டையாகக் கட்டிவருவார்கள். கூடவே ரத்தம் உறிஞ்சும் அட்டையும் வரும். இலையை மாட்டுக்கடியில் பரப்பி, மூத்திரத்தில் ஊறவிட்டு, குழியில் கொட்டிச் சாணித்தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு நடப்பதுதான் கொடுமை. மரவட்டைகள் இலையைக் கொறிக்கும். வெள்ளைப் பூஞ்சணம் நூல் நூலாய்ப் படரும். மண்புழுக்கள் அந்தத் துணுக்குகளைத் தின்று கழியும். அப்படிக் கழிந்ததும் அழுகியதும் சேர்ந்துதான் கறுகறுவென்று எரு. அதில் விளைந்த பூண்டைத்தான் தட்டி ரசத்தில் போட்டார்கள். ஆறு மாதம் நான் ரசத்தையே தொடவில்லை.

குழி என் வீட்டுக்காரருடைய அக்காவின் பொறுப்பு. புருஷன் கைவிட்டதால் தம்பி வீட்டோடு வந்து இருந்தவர். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று விடிந்ததும் குழியில் இறங்கிவிடுவார். வெறுங்காலால் மிதிப்பார். முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்து மோந்து பார்ப்பார்.

“வா தாயி, நீயும் மோந்து பாரு. மழை பேஞ்ச மண்ணு கணக்கா மணக்குது.”

“ஐயோ மதினி, கிட்ட வராதீங்க. எனக்குக் கொமட்டிக்கிட்டு வருது.”

குழி நிறைந்ததும் மேலே சேறு பூசி மூடிவிடுவார்கள். பூண்டு நடவுக்குத்தான் திறப்பார்கள். மூடுவதற்கு முதல் நாள் என் சேலைக் கொசுவத்துக்குள் மரவட்டை ஒன்று சுருண்டு கிடந்தது. எனக்கு வெறி பிடித்துவிட்டது. உருளைக்கிழங்குச் செடிக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்துப் பொடியையும் பூஞ்சண மருந்தையும் முறம் முறமாக அள்ளி, குழியைக் கிளறிக் கிளறித் தூவினேன். மேலே புது இலையைப் போட்டு மறைத்தேன். ஒழிந்தது சனியன் என்று தலைக்குக் குளித்தேன். மறுநாள் மதினி சேறு பூசி மூடினார்.

நடவுக்குத் திறந்தபோது அடியில் பாதி மக்கியது பாதியிலேயே நின்றிருந்தது; மேல் இலைகள் போட்ட மாதிரியே கிடந்தன. நரம்புகூட அறுந்திருக்கவில்லை. ஒரு புழு இல்லை, பூச்சி இல்லை. நான் ஆசைப்பட்ட சுத்தம். பாத்திகளுக்குப் போட வேறு எரு கிடையாது.

என் வீட்டுக்காரர் அக்காவைப் பார்த்துக் கத்தினார்.

“ஒனக்கு இருக்கிறது இந்த ஒரு சோலி. ஒக்காந்து திங்கிறியே, இதையாச்சும் உருப்படியாப் பாக்கக் கூடாதா?”

மதினி ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். மருந்து வாடை தெரியாதவரா அவர்? என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தம்பியிடம், “சாணித்தண்ணி பத்தலப்பா. நாந்தேன் கவனிக்காம விட்டுட்டேன்” என்றார்.

அடுத்த வாரம் துணிமூட்டையோடு பேத்துப்பாறைக்குக் கூலிவேலைக்குப் போனவர் திரும்பி வரவே இல்லை. நான் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் என் வீட்டுக்காரர் நாலு வார்த்தை திட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்த நாலு வார்த்தைக்குப் பயந்து ஒரு மனுஷியை வீட்டைவிட்டுப் போகவிட்டேன். சீ, நானெல்லாம் என்ன பிறவி.