யார் கழற்றியது?

அந்தச் சலவை ஆலையில் இருபத்திரண்டு வருஷமாக எல்லாம் தானாகவே நடந்துகொண்டிருந்தது. யாரும் எதையும் செய்ததே இல்லை. நம்பாவிட்டால் அலுவலக அறைக்குள் போய் இரும்பு அலமாரியைத் திறந்து பாருங்கள். லீவு தள்ளிப்போடப்பட்டிருக்கும். கூட்டம் ரத்து செய்யப்பட்டிருக்கும். ஆட்கள் நிறுத்தப்பட்டிருப்பார்கள். தள்ளிப்போட்டது யார், நிறுத்தியது யார் என்று தேடினால் மட்டும் ஒரு ஈ காக்காய்கூடக் கிடைக்காது.

அந்தக் கடிதங்களையெல்லாம் இங்கிலீஷில் அடித்துக்கொடுத்தவள் ஒருத்தி. டைப் மெஷின் போய் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இன்னும் எல்லாருக்கும் அவள் டைப்பு அக்காதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மேனேஜர் அவளுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார்.

"கடிதத்துல ஆளைக் கொண்டுவராதம்மா. ஆள் வந்தா பின்னாடியே வம்பும் வரும்."

நன்றாகவே கற்றுக்கொண்டாள், பாவி. மேசை இழுப்பறையில் அதற்கென்றே ஒரு நோட்டு வைத்திருந்தாள். புட் ஆஃப், கால்டு ஆஃப், டர்ன்டு டவுன், லெய்ட் ஆஃப், லுக்டு இன்டு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'வாஸ்' அல்லது 'ஹேஸ் பீன்' போட்டுப் பழகினாள். இத்தனூண்டு வார்த்தைக்கு இத்தனூண்டு வால். முன்னால் ஒரு 'வாஸ்' வந்து உட்கார்ந்துவிட்டால் செய்த ஆசாமி மாயம். இதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வேலையாட்கள் கடிதத்தோடு வந்து நிற்பார்கள்.

"என்னக்கா போட்டிருக்கு?"

"உன் லீவைத் தள்ளிப் போட்டிருக்கு."

"யாரு தள்ளிப் போட்டது?"

"அதெல்லாம் போடலப்பா."

யார் என்று கேட்காமல் ஒருவர்கூடப் போனதில்லை. இங்கிலீஷ் தெரியாத அந்த ஜனங்களுக்கு இருந்த புத்தி, நோட்டுப் போட்டுப் படித்தவளுக்கு இல்லாமல் போயிற்று.

மேனேஜர் நாலு மணிக்குத்தான் கையெழுத்துப் போடுவார். ஒரு காதில் போன், ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பேனா. எந்தக் காகிதத்தையும் படித்ததில்லை. ஆளே இல்லாத கடிதத்தில் படிக்க என்ன இருக்கிறது!

அப்போதுதான் அந்தத் தடுப்பு விவகாரம் வந்தது. துவைத்த விரிப்புகளைச் சூடான உருளைகளுக்கு நடுவே செலுத்தித் தேய்க்கும் மெஷின் ஒன்று அங்கே உண்டு. விரல் உள்ளே போய்விடாமல் இருக்க உருளைக்கு முன்னால் ஒரு கம்பித் தடுப்பு. கனத்த விரிப்பு என்றால் அதில் மாட்டிக்கொள்ளும், நிறுத்தி எடுத்துவிட வேண்டும். பெரிய ஹோட்டல் ஆர்டர் ஒன்று வந்ததும் மேனேஜர் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, "அதைக் கழட்டிப் போடுப்பா, ஆர்டர் முடியட்டும்" என்றார். அலுவலக வாசலில் நின்றுதான் சொன்னார். டைப்பு அக்கா தன் இரண்டு காதாலும் கேட்டாள். கேட்டது மட்டுமா, அறிவிப்புப் பலகைக்குச் சீட்டும் அவளே அடித்தாள்: 'தடுப்பு கழற்றப்பட்டுள்ளது. கவனமாக வேலை பார்க்கவும்.'

அந்த மெஷினில் ஒன்பது வருஷமாக நின்றவள் அவளுடைய நாத்தனார். ஒரே வீடு, ஒரே அடுப்பு. சீட்டைப் படித்துவிட்டு அன்று சாயங்காலமே கேட்டாள்.

"யாரு அண்ணி கழட்டச் சொன்னது?"

"உனக்கெதுக்கு அது? பாத்து வேலை பாரு."

எட்டாம் நாள் காலையில் விரிப்போடு சேர்ந்து நாத்தனாரின் வலது கையும் உள்ளே போயிற்று. இரண்டு விரல்கள் நசுங்கிப்போயின. ஆஸ்பத்திரியில் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

மறுநாளே மேனேஜர் விபத்து அறிக்கைக்கு வாசகம் சொன்னார். தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய காகிதம். "தடுப்பு வாஸ் டேக்கன் ஆஃப்னு போடு. மெஷின் வாஸ் டர்ன்டு ஆன். கீழே, மெஷின்ல நின்னது யாருன்னு அந்தப் பொண்ணு பேரு. அவ்வளவுதான்."

டைப்பு அக்காவின் கை நின்றுவிட்டது. பக்கம் முழுக்கத் தேடினாலும் மனுஷப் பெயர் ஒன்றே ஒன்று. படிக்கிற அதிகாரி என்ன நினைப்பார்? கழற்றினவளும் அவள், முடுக்கினவளும் அவள், கையை விட்டவளும் அவள். தடுப்பைத் தானாகக் கழற்றும் ஆளை அன்றே வெளியே அனுப்பலாம் என்பது ஆலையின் சட்டம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இதுதான் அது. விரலும் போய், வேலையும் போய், 'இவளே தேடிக்கொண்டாள்' என்ற பேரும் வாங்கிக்கொண்டு அவள் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அன்று வீட்டுக்குப் போனால் நாத்தனார் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். யாரோ ஏற்கெனவே அவள் காதில் போட்டுவிட்டார்கள்.

"நான்தான் கழட்டினேன்னு சொல்றாங்களாமே? ஸ்பேனரை எப்படிப் பிடிக்கணும்னே எனக்குத் தெரியாதே, அண்ணி!"

டைப்பு அக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மேனேஜர் மேல் பாதி, தன் மேல் பாதி. இரண்டு விரலைத் தின்ற காகிதத்துக்கு எழுத்துப் பிழை பார்த்து, கமா வைத்துக் கொடுத்தவள் அவள்தானே?

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு உட்கார்ந்து அறிக்கையை அடித்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒவ்வொரு வரியிலும் ஆள் வந்தான். தடுப்பைக் கழற்றச் சொன்னது மேனேஜர். கழற்றியது மெக்கானிக். எச்சரிக்கைச் சீட்டை அடித்து, யார் சொன்னது என்பதை மறைத்தது டைப்பிஸ்டாகிய நான். மெஷினில் நின்றவள் தடுப்பைத் தொடவே இல்லை.

நாலு மணிக்கு அதைக் கொண்டுபோய் மேனேஜர் முன்னால் வைத்தாள்.

"சார், இதை மட்டும் படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

"இத்தனை வருஷமா நீ எழுதுறே, நான் என்னத்தைம்மா படிக்கிறது?" போனைக் காதிலிருந்து எடுக்காமலே கிறுக்கினார்.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். "படிங்க சார்." அவர் கையை ஆட்டி அவளைப் போகச் சொன்னார். இதற்கு மேல் ஒருத்தி என்ன செய்வாள்!

பத்து நாள் கழித்து அந்த அறிக்கையோடு தொழிலாளர் அலுவலக அதிகாரி வந்தார். மேனேஜரின் கையெழுத்தை மேனேஜருக்கே காட்டினார். மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கேட்டார். அவனும், "சார்தான் கழட்டச் சொன்னாரு" என்று பளிச்சென்று சொல்லிவிட்டான். சாயங்காலத்துக்குள் தடுப்பு பழைய இடத்துக்கு வந்தது. நாத்தனாரின் வேலை போகாது, கை ஆறியதும் மடிப்புப் பிரிவில் உட்காரலாம் என்று எழுத்தில் வந்தது. இரண்டு விரல் மட்டும் வரவில்லை.

அதிகாரி படியிறங்கியதும் மேனேஜர் கத்தினார். "உப்புத் தின்ன வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியே!"

"நான் தின்னது என் உழைப்பு சார். படிக்கச் சொன்னேன், ரெண்டு தடவை சொன்னேன்."

"நாளையிலேர்ந்து நீ வரவேண்டாம். கடிதம் அடி."

கூத்தைப் பாருங்கள்! இங்கிலீஷில் கடிதம் அடிக்க அந்த ஆலையில் வேறு ஆள் கிடையாது. தன் வேலைக்குத் தானே ஓலை எழுத வேண்டும். "யூ ஹேவ் பீன் லெய்ட் ஆஃப்னு வழக்கம்போலப் போடு" என்றார். அவள் போய் உட்கார்ந்தாள், அடித்தாள், நாலு மணிக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

அன்று அவர் போனைக் கீழே வைத்தார். டீயைத் தள்ளி வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு காகிதத்தைப் படித்தார். ஒரே ஒரு வரி. தடுப்பைக் கழற்றச் சொன்னது நான் என்ற உண்மையை எழுதியதற்காக, மேனேஜராகிய நான் இவளை வேலையை விட்டு நீக்குகிறேன்.

திரும்பப் படித்தார். பேனாவைத் திறந்தார்.

"போடுங்க சார்," என்றாள் அவள். "உண்மைதானே?"

மின்விசிறிக் காற்றில் காகிதத்தின் ஓரம் படபடத்தது. அவர் பேனாவை மூடிவிட்டு, "போய் வேலையைப் பாரும்மா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவள் தன் நாற்காலியில் இருந்தாள். கையெழுத்து விழாத அந்தக் காகிதம் இழுப்பறையில், பழைய நோட்டுக்கு மேலே கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் கடிதத்தோடு வந்து, "யாருக்கா என் லீவைத் தள்ளிப் போட்டது?" என்று கேட்டான். அவள் கடிதத்தைக்கூட வாங்கவில்லை. மேனேஜர் அறைக் கதவைக் காட்டி, "உள்ளேதான் இருக்காரு, போய்க் கேளு" என்றாள்.