திறப்பு என் சட்டைப்பையில் இருந்தது

போன கிழமை கல்முனையில் பனர் அச்சடிக்கும் கடையொன்றுக்குப் போயிருந்தேன். மை காய்வதற்காகத் தரையில் விரித்திருந்த பனரிலிருந்து, மண்ணெண்ணெயும் புது ரப்பர் செருப்பும் கலந்தது போல ஒரு மணம் எழுந்தது. குனிந்து வாசித்தேன். ‘பங்க் மனநிலையோடு தொண்டுப் பணி: ஒருநாள் செயலமர்வு’.

பங்க் என்றால் என்னவென்று எனக்கும் அன்றுவரை தெரியாது. என் மகள்தான் பிறகு விளக்கினாள். வெளிநாட்டில் ஒரு காலத்தில் இளைஞர்கள் தலைமயிரைக் குத்திட்டு நிறுத்தி, கிழிந்த சட்டையோடு, வாசிக்கப் பழகாத கிற்றாரை வாசித்துக் கத்தினார்களாம். யாரிடமும் அனுமதி கேட்காதே, உன் கையாலேயே செய், விலைபோகாதே. இதுதான் அவர்கள் கொள்கையாம். பனரில் இந்த மூன்றும் பெரிய எழுத்தில் இருந்தன. கீழே சின்ன எழுத்தில், ‘பங்குபற்றுவோர் தமது நிறுவனத் தலைவரின் அனுமதிக் கடிதத்துடன் வரவேண்டும்’ என்றிருந்தது. அதற்கும் கீழே ஏழு நிறுவனங்களின் இலச்சினைகள்.

நான் சிரித்த சிரிப்பில், எழுத்துப்பிழை விட்டுவிட்டோமோ என்று கடைக்காரர் பயந்துபோனார்.

அந்த மை மணம் எனக்குப் பழையது. என் முதல் உத்தியோகமே அந்த மணத்துக்குள்தான் தொடங்கியது. சுனாமி அடித்து ஊர் பாதி கரைந்து கிடந்த மாதங்கள் அவை. கொஞ்சம் ஆங்கிலம் கதைத்தால் போதும், என்.ஜி.ஓ.க்கள் வீடு தேடி வந்து வேலை கொடுத்தன. என் ஆங்கிலத்துக்கே கிடைத்தது என்றால் பாருங்களேன். அலுவலகத்தில் அரிசி மூட்டைக்கு முன் பனர் வந்து சேரும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நான் நடந்த நடையை இப்போது நினைத்தால் கூசுகிறது.

சாய்ந்தமருதில் ஒரு மைதானத்தில் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். அங்கே எங்கள் நிறுவனம் ஆறு மலசலகூடங்கள் கட்டியது. வேலை முடிந்தது, தண்ணீரும் வந்தது. ஆனால் ஆறு கதவுகளிலும் பூட்டுத் தொங்கியது. உதவி கொடுத்த நாட்டிலிருந்து ஒரு பெரியவர் வந்து ரிபன் வெட்ட வேண்டும், அவர் வரும்வரை சுவரில் ஒரு சொட்டு அழுக்குப் படக்கூடாது என்பது எங்கள் முகாமையாளரின் உத்தரவு. சாவியை நாங்கள் திறப்பு என்போம். ஆறு திறப்புகளும் என் சட்டைப்பையில் இருந்தன.

பெண்கள் சுபஹுத் தொழுகைக்கு முன், இருட்டோடு கடற்கரைப் பக்கம் போய்வருவார்கள். பிறகு பகல் முழுக்க அடக்கிக்கொண்டிருப்பார்கள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் திறப்புகளைக் குலுக்கியபடி திரிந்தேன்.

ரமீசா ராத்தா என்னிடம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல். ராத்தா என்றால் அக்கா. கடற்கரையோரம் வீடிருந்தவர், இடியப்பம் அவித்து விற்றவர். வீடும் போய், புருஷனும் போய், ஏழு மாதக் கர்ப்பிணியான மகளோடு கூடாரத்தில் இருந்தார். மகளுக்குக் காய்ச்சல். சலம் கழிக்கும் வழியில் கிருமி, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

“மனே, ஒரு கதவ மட்டும் தொறந்து தாங்க. என்ட புள்ள தண்ணி குடிக்கப் பயப்புடுறா.”

“வெள்ளிக்கிழமை பெரிய சேர் வாறார் ராத்தா. இன்னும் மூணு நாள்தானே.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ரிபன் வெட்ட வாற மனிசனுக்கு ஒண்டுக்கு முட்டல்ல மனே. எங்களுக்குத்தான் முட்டுது.”

போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் இரும்பில் இரும்பு மோதும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், ராத்தா விறகு கொத்தும் கோடரியின் பின்பக்கத்தால் பூட்டை உடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றோடு நிறுத்தவில்லை, ஆறையும் உடைத்தார். மூன்றாவது பூட்டுக்கே பெண்கள் வரிசையில் நின்றுவிட்டார்கள். முன்னால் அவருடைய மகள். யாரும் என்னைத் திட்டவில்லை. நான் அங்கே நிற்பதாகவே யாரும் எண்ணவில்லை.

அடுத்த நாள் பாண்டிருப்பு முகாமிலிருந்து ஒரு பெண் நடந்து வந்தார். “அக்கா, எங்கட இடத்திலயும் பூட்டித்தான் கிடக்கு. அந்தக் கோடாலியக் கொஞ்சம் தாறீங்களா?”

“ஓம், கொண்டு போங்க புள்ள. பூட்டோட மல்லுக்கட்டாதீங்க, கொண்டியில அடிங்க.” எனக்குத் தெரிந்து அந்தக் காலத்தில் எங்கள் கரையில் நடந்த ஒரே உருப்படியான பயிற்சிப் பட்டறை அதுதான்.

முகாமையாளர் கொதித்துப்போனார். உடைத்தது யார் என்று பெயர் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன், தகப்பன் பெயரும் கூடார இலக்கமும் சேர்த்து.

வெள்ளிக்கிழமை கதவுகளுக்கு மறுபடி பெயின்ட் அடித்து ரிபன் கட்டினோம். பெரியவர் வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். கூட்டத்தில் நின்ற ராத்தாவைப் பார்த்து, எப்படி உணர்கிறீர்கள் என்று கேட்டார். நான்தான் மொழிபெயர்ப்பாளன்.

“நாங்க மூணு நாளாப் போய்க்கிட்டுத்தான் இரிக்கம், பூட்டினவன்தான் வெக்கப்படணும் எண்டு சொல்லுங்க.”

‘மிகவும் நன்றி என்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பெரியவர் நெஞ்சில் கை வைத்துக் கண் கலங்கினார்.

எங்கள் நிறுவனம் பலகை வீடுகள் கொடுத்தபோது ராத்தாவின் பெயர் பட்டியலின் அடிக்குப் போயிருந்தது. பேரப்பிள்ளை கூடாரத்துக்குள்தான் பிறந்தது. மாரி மழை முழுவதும் மூவரும் அதற்குள்ளேயே கிடந்தார்கள். ஆனாலும் அந்த மலசலகூடங்களைக் கூடாரத்துக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக் கழுவ ஏற்பாடு செய்தது அவர்தான். யாரும் அவரைத் தலைவி என்று அழைக்கவில்லை. எல்லாம் பளிச்சென்றிருந்தன.

அதையும் நாங்கள் விடவில்லை. இதற்குப் பெயர் ‘சமூக வலுவூட்டல்’ என்று கண்டுபிடித்து, தலைவி, செயலாளர், ரப்பர் முத்திரை, வரவுப் புத்தகம், இலச்சினை போட்ட சட்டை எல்லாம் கொடுத்தோம். “கக்கூசு கழுவ என்னத்துக்கு மனே சேட்டு?” என்று ராத்தா ஒதுங்கிக்கொண்டார். சில மாதங்களில் யார் கழுவுவது என்று தீர்மானிக்கக் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டத்தை யார் கூட்டுவது என்று இன்னொரு கூட்டம். மலசலகூடம் நாறியது. அதை முன்மாதிரித் திட்டமாக வருணித்த அறிக்கையை நானே தட்டச்சு செய்தேன். நல்ல ஆங்கிலம் என்று பாராட்டு வேறு.

வேலையை விட்டபோது ராத்தாவிடம் போய், பெயரை எழுதிக் கொடுத்தவன் நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும் மனே. முகாம்ல என்ட வாப்பாட பேரக் கேட்டுப் பதிஞ்ச ஆள் நீங்க மட்டும்தானே” என்றார். அடுப்பில் கேத்தலை வைத்தார். “தேத்தண்ணி ஊத்துறன், குடிச்சிட்டுப் போங்க.”

ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். அந்தத் தேநீரை நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

ராத்தா மௌத்தாகி, அடக்கம் செய்தும் சில வருடங்களாகின்றன. மைதானத்தில் கடைத்தொகுதி வந்துவிட்டது. எங்கள் நிறுவனம் வேறெங்கோ வேறொரு துயரம் தேடிப் போய்விட்டது. போன மாரியில் எங்கள் தெருவில் வெள்ளம் ஏறியது. வடிகானின் மூடியொன்றின் துளைகளைக் குப்பை அடைத்திருந்தது. நாலு பேர் பிடித்துத் தூக்கினால் தண்ணீர் ஓடிவிடும். தெருவே திரண்டு நின்றது. மாநகர சபைக்கு அறிவித்தாயிற்று என்றார் ஒருவர். சங்கத்துக்குக் கடிதம் கொடுக்க வேண்டும் என்றார் இன்னொருவர். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். வீடுகளுக்குள் தண்ணீர் புகுவதைப் பார்த்துக்கொண்டு பின்னேரம்வரை அப்படியே நின்றோம். நான் எடுத்த படம்தான் தெளிவாக வந்திருக்கிறது என்றார்கள்.