யார் காட்டினாலும் நிறுத்து

கிரேன் ஓட்டுகிறவனுக்கு உயரத்திலிருந்து கீழே நடப்பது சரியாகத் தெரியாது. தரையில் நின்று ஒருவர் கை காட்டுவார். அதைப் பார்த்துத்தான் தூக்குவான், இறக்குவான். அந்தக் கட்டடக் கம்பெனியில் முப்பது வருஷமாக அந்த ஒருவர் நம் சிக்னல்காரர்தான். அவர் கிழித்த கோட்டை இன்ஜினியர்கூடத் தாண்டமாட்டார். ஒரே ஒரு விலக்கு உண்டு. கையைப் பக்கவாட்டில் நீட்டி ஆட்டினால் ‘நிறுத்து’. அதை மட்டும் யார் காட்டினாலும், டீ கொண்டுவருகிறவர் காட்டினாலும், அவரும் ஓட்டுகிறவனும் நிறுத்தியாக வேண்டும்.

வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான். டிவி சத்தத்தைக் குறைக்கவும் கை, தண்ணீர் கொண்டுவரவும் கை. “நான் என்ன கிரேனா?” என்று மனைவி சிரிப்பாள். சிரித்துக்கொண்டே செய்தும் விடுவாள், பாவம்.

போன வருஷம் புது மேனேஜர் வந்தார். வந்ததும் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வகுப்பெடுத்தார், மகராசன்.

“தலைவனுக்கு எல்லாம் தெரியும், அவன் சொல்றதுதான் உண்மைங்கறது நவீனத்துவம். அது பழசாயிடுச்சு. பின்நவீனத்துவத்துல ஒரே உண்மைன்னு கிடையாது. அவங்கவங்க நிக்கிற எடத்துலேர்ந்து ஒவ்வொண்ணு தெரியும். தலைவன் கேக்கணும்.”

“நாலு பேர் நாலு பக்கம் கை காட்டினா இரும்பு யார் தலையில சார் எறங்கும்?” என்றார் சிக்னல்காரர்.

வட்டமே சிரித்தது. மேனேஜரும் சிரித்துவிட்டு, “அப்போ நிறுத்தறதுக்கு மட்டும் ஏன் யார் காட்டினாலும் கேக்கறீங்க?” என்றார்.

“அது உசிர் விஷயம் சார்.”

மேனேஜரையே மடக்கிவிட்டோம் என்று சிக்னல்காரருக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கப்புறம்தான் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் ஆயிற்று. இரண்டு தடவை மருந்து ஏற்றினார்கள். கட்டி மறுபடி வந்தது. எல்லாவற்றுக்கும் சரி சொன்னது அவர்தான். அவளை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. டாக்டரம்மா இப்போது இன்னொரு ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். “பண்ணலாம். ஆனா பெருசா பலன் இருக்கும்னு சொல்ல முடியாது. அவங்களையும் கேட்டுட்டுச் சொல்லுங்க.”

அவளை என்ன கேட்பது? வார்டுக்குள் நுழையும்போதே, “பண்ணிடலாம்மா, நான் பாத்துக்கறேன்” என்று வழக்கம்போல ஒரு விரலை மேலே சுழற்றினார். ‘தூக்கு’ என்று அர்த்தம்.

அவளுடைய ஒரு கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. மற்ற கையைப் பக்கவாட்டில் நீட்டி, மெதுவாக ஆட்டினாள்.

அவர் விரல் அப்படியே நின்றது.

“போதுங்க. வீட்டுக்குப் போயிடலாம்.”

“இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?”

“ரெண்டாவது தடவை மருந்து ஏத்த வந்தப்பவே இப்படித்தான் காட்டினேன். நீங்க நர்ஸுக்குக் கை காட்டிட்டிருந்தீங்க.”

முப்பது வருஷத்தில் ஒரு ‘நிறுத்து’கூடத் தவறவிடாதவர், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.