பொட்டு வைக்காத டேப்

கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் பேக்கப்காரனை ஒரு நாயும் சீண்டாது.

தொண்ணூறுகளில் மலேசியாவின் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு அதுதான் வேலை. யாருடைய கம்ப்யூட்டராவது மண்டையைப் போட்டால், அவர்கள் நகலெடுத்து வெளியே பத்திரப்படுத்திய கேசட் மாதிரி டேப்பை வாங்கி வந்து, அதில் இருப்பதைத் திரும்ப ஏற்றிக் கொடுக்க வேண்டும். என்னைப் போல இந்தப் பிழைப்பில் நொந்தவர்கள் இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நம் கஷ்டம் நமக்குத்தானே தெரியும்!

வேறு இடம்

கம்ப்யூட்டர் இருக்கிற கட்டடத்தில் டேப் இருக்கக் கூடாது. எங்கள் தொழிலின் முதல் பாடம் இது. ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு நாற்காலித் தொழிற்சாலை முதலாளிக்கு இதை மூன்று தடவை படித்துப் படித்துச் சொன்னேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினார்.

ஒரு மழையில் கூரை ஒழுகி எல்லாம் போச்சு. டேப் எங்கே என்று கேட்டேன். நனைந்த கம்ப்யூட்டருக்கு நாலடி தள்ளி, தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த ஒரு அட்டைப் பெட்டியைக் காட்டினார். நான் முறைத்ததில் அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“வேற இடம்தான் பாஸ். இது என் மேசை, அது கிளார்க் மேசை லா.”

சாமி மேடை

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடை மாடியில் ஞானம் ஆன்டி கல்யாணத் தகவல் நிலையம் நடத்தினார். யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க வேலையில் ரிட்டையர் ஆனவர். நவராத்திரி முடிந்த வாரம் இடி விழுந்து, வரன்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் கருகிப் போனது.

உங்களிடம் மறைப்பானேன், அந்த டிஸ்க்கில் நானும் இருந்தேன். முப்பத்தொன்பது வயசு ஆகியும் ரூமில் தனியாக மெகி மீ நூடுல்ஸ் கிண்டித் தின்கிறேனே என்று, செந்தூலில் இருக்கும் என் அக்கா முந்தின வருஷம் தபாலில் என்னைப் பதிந்துவிட்டிருந்தாள். பெயர் வெளியே தெரியக் கூடாதென்று அங்கே எல்லாருக்கும் எண்தான். என் எண் நானூற்றுப் பதினேழு. ஆன்டிக்கு நான் வெறும் ‘டேப் தம்பி’. வெட்கத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை.

மாதம் ஒரு டேப் கிள்ளானில் இருந்த ஆன்டியின் தங்கச்சி வீட்டுக்குப் போகும். அங்கே போய்ப் பார்த்தால் சாமி மேடையில், சரஸ்வதி படத்தின் காலடியில், புத்தகங்களோடு மூன்று டேப்பும் இருந்தன. புதுசு இரண்டுக்கும் சந்தனம், குங்குமம். அதுவும் சரியாக டேப் சுற்றுகிற சின்னக் கதவின் வாயில். சந்தனம் உள்ளே இறங்கிக் காய்ந்து, இரண்டும் அம்போ. அடியில் கிடந்த மூன்றாவது டேப்புக்கு மட்டும், பழசு என்று, பொட்டு வைக்கவில்லை. அது மூன்று மாதத்துக்கு முந்தியது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அக்காவின்ர தொழில் முழுக்க இதுக்குள்ளதான் எண்டால், பொட்டு வைக்காமல் விடலாமோ தம்பி?”

புது மாப்பிள்ளை

பழைய டேப்பை ஏற்ற ஒரு மத்தியானம் முழுக்கப் பிடித்தது. ஆன்டி சாப்பிடப் போய்விட்டார். கீழே கடையில் யார் யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு டேப்பின் கரகர சத்தம்தான் துணை. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஓடின. நானூற்றுப் பதினேழும் வந்தது. ஒரு நொடிதான், அடுத்த எண் அதைத் தள்ளிவிட்டது. போன மூன்று மாதத்தில் எனக்கு யாராவது பதில் போட்டிருந்தால்? அது இந்த டேப்பில் இருக்காதே!

பழைய டேப்பில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. நடுவில் கல்யாணம் ஆனவர்கள் எல்லாரும் மறுபடியும் கன்னி கழியாமல் வந்து நின்றார்கள். ஆன்டி அவசரப்பட்டு மறுநாளே ஜாதகங்களை அனுப்பிவிட்டார். ஒரு பெண்ணின் அப்பாவிடமிருந்து போன் வந்தது. மனுஷன் கத்தவில்லை, நிதானமாகத்தான் கேட்டாராம்.

“என் மருமகன் இங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருக்காரு. நீங்க அனுப்புன மாப்பிள்ளைய நான் எங்க உக்கார வைக்கிறது?”

நானூற்றுப் பதினேழு

நல்ல வேளையாக அந்த மூன்று மாதக் கடிதங்களை ஆன்டி ஒரு ஃபைலில் எண் வரிசையாகக் கோத்து வைத்திருந்தார். சனிக்கிழமை வந்து நானே டைப் அடித்துத் தருகிறேன் என்றேன். அது என் வேலையே இல்லை. “தங்கமான பிள்ளை” என்று ஆன்டி டீ வாங்கித் தந்தார். என் மனசில் இருந்தது அந்த ஃபைல்தான்.

ஆன்டி எண்ணைச் சொல்லிக் கடிதத்தைப் படிப்பார், நான் அடிப்பேன். முன்னூறில் இருந்தவர்களுக்கு நிச்சயம், கல்யாணம், ஒருத்தருக்குக் குழந்தைகூட வரப்போகிறதாம். நானூற்றுப் பத்து தாண்டியதும் ஒரே வரியை இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன். பதினைந்துக்கு இரண்டு கடிதம். பதினாறுக்குத் தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. அடுத்த தாளைப் புரட்டிய ஆன்டி, பதினெட்டு என்றார். இடையில் ஒன்று விட்டுப் போச்சே ஆன்டி என்றேன். அவர் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். திரையையும் எட்டிப் பார்த்தார். அப்புறம் அந்த வாரத்திலேயே முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்தது.

“பாருங்கோ தம்பி, உங்கட டேப்பில இது ஒண்டாவது அச்சொட்டாச் சரியா வந்திருக்கு. மூண்டு மாசமா ஒரு எழுத்தும் மாறேல்லை.”

எங்கள் தொழிலில் இதற்குப் பெயர் முழு வெற்றி என்பதால், வேலைத்தாளில் அப்படியே எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போடாமல் சும்மா ஒரு கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.